தரை மின்னினால் மட்டும் போதுமா? வாளியையும் பாருங்கள்!

தரை துடைப்பதைப் பற்றிக்கூட ஒரு கலந்துரையாடலா என்று கேட்டுச் சிலர் சிரிக்கலாம். பிள்ளைகளின் கல்வி, முதியோர் பராமரிப்பு, குடும்பச் செலவு என்று எத்தனையோ பெரிய விஷயங்கள் காத்திருக்கும்போது மாப்பும் வாளியும் மேடையேற வேண்டுமா? ஆனால் நம் வீடுகளில் நாள்தோறும், அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது நடக்கும் வேலை இது. தவழும் குழந்தையின் உள்ளங்கையும், வழுக்கிவிடுமோ என்று பார்த்துப் பார்த்து நடக்கும் பாட்டியின் பாதமும் படுகிற இடம் அது. தரையில் எது இருக்கிறது என்பது அந்த இருவருக்கும்தான் முதலில் தெரிகிறது.

இல்லத்தரசிகள் பொதுவாகச் சொல்லும் குறைகள் மூன்று. துடைத்துக் காய்ந்த பிறகும் காலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வெளிச்சம் சாய்வாக விழும்போது கோடு கோடாகத் திட்டுத் தெரிகிறது. மழை நாளில் துடைத்தால் வீடு முழுக்க ஈரத்துணி வாடை அடிக்கிறது. இந்த மூன்றுக்கும் பேரங்காடியில் புதுத் திரவம் ஒன்றை வாங்கி ஊற்றிப் பார்ப்பதே பலர் செய்யும் வைத்தியம். அதனால் குறை தீராமல் பெருகுவதுதான் வழக்கம். ஏனென்றால் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: துடைத்து முடித்த பின் தரையில் எதையோ விட்டுவிட்டு வருகிறோம். ஒன்று அழுக்குத் தண்ணீர், இல்லையென்றால் சவர்க்காரம், அதுவும் இல்லையென்றால் வெறும் ஈரம்.

துடைப்பது என்றால் தண்ணீர் தெளித்து வாசனை சேர்ப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது எடுத்துப்போடும் வேலை. சவர்க்காரம் எண்ணெய்ப் பசையைத் தரையிலிருந்து பெயர்க்கிறது. தண்ணீர் அதைச் சுமக்கிறது. துணி அதை உறிஞ்சுகிறது. பிழியும்போது அது வாளிக்குப் போகிறது. வாளித் தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டும்போதுதான் அழுக்கு உண்மையில் வீட்டைவிட்டு வெளியேறுகிறது. இந்தச் சங்கிலியில் எந்த இடம் அறுந்தாலும் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. சமையலறையில் தொடங்கி, நான்கறை வீடு முழுவதையும் ஒரே வாளித் தண்ணீரில் துடைத்து முடிப்பவர், கடைசி அறைக்குப் போகும்போது சமையலறை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் படுக்கையறையில் தடவிக்கொண்டிருக்கிறார்.

வாளியின் அடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தண்ணீரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இதைவிட எளிய அளவுகோல் வேறு இல்லை. அடர்ந்த நிற வாளியில் இந்தச் சோதனை பலிக்காது. ஆகவே வெளிர் நிற வாளியே நல்லது.

முதலில் கூட்ட வேண்டும்

நனைப்பதற்கு முன் கூட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். தலைமுடியும் தூசியும் உலர்ந்திருக்கும்போது எளிதாக வரும். நனைந்துவிட்டால் முடி துணியில் சுற்றிக்கொள்ளும், தூசி சேறாகி ஓடுகளின் இடுக்கில் போய் அமரும். ஓடுகளுக்கு இடையே வெள்ளையாக இருந்த கோடுகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கறுத்துப்போவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சேறுதான். பூசை அறையில் கொட்டிய திருநீறு, சாம்பிராணிச் சாம்பல், கோலமாவு ஆகியவையும் அப்படியே. உலர்ந்த நிலையில் அள்ளிவிட்டால் அரை நிமிட வேலை. நனைத்துவிட்டால் மூன்று தடவை துடைத்தாலும் வெண்திட்டு மிச்சம் இருக்கும்.

புகைமூட்டக் காலத்தில் மட்டும் இந்த வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். 2013, 2015 போன்ற ஆண்டுகளில் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் சூழ்ந்தபோது, வீட்டுக்குள் படிந்த நுண்துகளை விளக்குமாற்றால் வீசிக் கூட்டினால் அது மீண்டும் காற்றில் எழும்பி மூச்சுக்குள்தான் போகும். அப்படிப்பட்ட நாள்களில் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் முதலில் ஒற்றி எடுப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மற்ற நாள்களிலும் இந்த முறையே நல்லது.

எவ்வளவு ஊற்றுவது?

‘நல்லா வாசனை வர்ற மாதிரி ஊத்தும்மா’ என்று சொல்லாத மாமியார் குறைவு. வாசனைதான் சுத்தத்துக்குச் சாட்சி என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எலுமிச்சை, மல்லிகை, பைன் என்று எந்த வாசனையாக இருந்தாலும், அது திரவத்தில் சேர்த்த நறுமணப் பொருளின் வாசனைதான். அழுக்கு போனதற்கு அது அடையாளம் ஆகாது. சுத்தமான தரைக்கு வாசனையே இருக்காது என்பதே சரி.

புட்டியின் முதுகில் அச்சிட்ட அளவைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. தரைத் துப்புரவுத் திரவங்கள் பெரும்பாலும் நான்கைந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி, இரண்டு மூடி என்ற கணக்கில்தான் தயாரிக்கப்படுகின்றன. கண்ணளவில் ஊற்றும்போது அது மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆகிவிடும். கூடுதல் சவர்க்காரம் கூடுதல் அழுக்கை எடுப்பதில்லை. தண்ணீர் ஆவியானதும் சவர்க்காரம் மெல்லிய படலமாகத் தரையில் தங்கும். அதுதான் காலில் ஒட்டும் பிசுபிசுப்பு. அந்தப் படலம் சும்மாவும் இருக்காது. மறுநாள் வரும் தூசியைப் பசைபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘நேற்றுத்தானே துடைச்சேன், அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சே’ என்ற அலுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. அலுப்பில் மறுநாள் இன்னும் அதிகமாக ஊற்றுகிறோம். படலத்தின் மேல் படலம் ஏறுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைக் காலுறையைப் போட்டுக்கொண்டு, துடைத்துக் காய்ந்த தரையில் வரவேற்பறையைச் சுற்றி நடந்து பாருங்கள். அடி கறுத்தால் அழுக்கு தங்கியிருக்கிறது. காலுறை இழுபட்டு ஒட்டினால் சவர்க்காரம் தங்கியிருக்கிறது. பிந்தியதற்கு மருந்து, இரண்டு மூன்று தடவை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பதுதான். ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்ற வேண்டும். எதுவும் ஊற்றாத வாளியில் நுரை வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். அது தரையிலிருந்து வரும் பழைய பாக்கி.

இரண்டு வாளி வைத்துக்கொள்வது இதற்கெல்லாம் நல்ல தீர்வு. ஒன்றில் அளவாகத் திரவம் கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துடைத்த துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு, அதன்பிறகு திரவ வாளியில் நனைக்க வேண்டும். அழுக்கு அலசும் வாளியில் சேரும், திரவ வாளி கடைசிவரை தெளிவாக இருக்கும். குளியலறை சிறிதாக இருக்கும் வீவக வீட்டில் இரண்டாவது வாளிக்கு இடம் இல்லை என்றால், கைகழுவும் தொட்டியையோ குளியலறைக் குழாயையோ அலசுவதற்குப் பயன்படுத்தலாம்.

வெள்ளிக்கிழமைக் கல்லுப்பு

நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை கல்லுப்புப் போட்டுத் துடைப்பது, மஞ்சள் கரைத்துத் துடைப்பது என்ற பழக்கங்கள் உண்டு. நம்பிக்கையைப் பற்றி இங்கே பேச்சில்லை. அது அவரவர் மனத்துக்கு அமைதி தரும் விஷயம். ஆனால் ஒரு கைப்பிடி உப்பு ஒரு வாளித் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் என்று எண்ணி, கிருமிநாசினிக்குப் பதிலாக அதையே நம்புவது சரியல்ல. அந்த அளவு உப்புக்கு அப்படிப்பட்ட வலு கிடையாது. மேலும் உப்பு காய்ந்தால் வெண்படிவம் நிற்கும், இரும்பு அலமாரிக் கால்களிலும் கதவுக் கீல்களிலும் துருவை வரவழைக்கும். செய்ய விரும்புவோர் செய்துவிட்டு, பின்னர் ஒருமுறை வெறும் தண்ணீரில் துடைத்துவிடலாம்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. சமையலறையில் குழம்பு சிந்திய வெள்ளை ஓட்டைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்ததும் கறை திடீரென்று செந்நிறமாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அதே கதைதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சாயம் காரத்தன்மை பட்டால் சிவக்கும். சவர்க்காரத்தைக் கழுவிவிட்டால் சிவப்பு போகும். மிச்ச மஞ்சளை வெயில் வெளுத்துவிடும். வெயில் படாத மூலையில் நீர்த்த வெளுப்பானில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தால் ஓட்டிலிருந்து மறைந்துவிடும்.

தாளிப்பு தெறித்த அடுப்படித் தரைக்கு வரவேற்பறைத் திரவம் பற்றாது. அங்கே தேவைப்படுவது பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளும் சுடுதண்ணீரும்தான். எண்ணெயைப் பெயர்க்கவே தயாரான பொருள் அது. ஆனால் நுரை அதிகம் என்பதால் இரண்டு முறை வெறும் தண்ணீரில் துடைத்தாக வேண்டும். விளக்கேற்றும் இடத்தில் சொட்டிய நல்லெண்ணெய்க்கும் இதே வழிதான். முதலில் பழைய நாளிதழால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்கினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எல்லாத் தரையும் ஒரே தரை அல்ல

பளிங்குத் தரையில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ படக்கூடாது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரையும். மினுமினுப்பு போய் மங்கிய வட்டங்கள் தோன்றும். அவை கறையல்ல, கல்லே அரிக்கப்பட்ட இடம். துடைத்தால் போகாது, ஆள் வைத்து மீண்டும் மெருகேற்ற வேண்டும், அதற்குச் செலவு பிடிக்கும். ‘வினிகர் இயற்கையானது, எதற்கும் நல்லது’ என்று கைத்தொலைபேசியில் சுற்றிவரும் குறிப்புகள் இதைச் சொல்வதில்லை. மொசைக் எனப்படும் பழைய வீடுகளின் சில்லுத் தரையிலும் பளிங்குச் சில்லுகள் இருப்பதால் அதற்கும் இதே எச்சரிக்கை. பீங்கான் வகை ஓடுகள் வினிகரைத் தாங்கும், ஆனால் இடையிலுள்ள சிமெண்டுக் கோடுகள் நாளடைவில் அரிபடும்.

மரப்பலகைத் தரையும், மரம்போலத் தோன்றும் லேமினேட் தரையும் தண்ணீருக்கு எதிரிகள். பலகைகளின் இடுக்கில் தண்ணீர் இறங்கினால் ஓரங்கள் உப்பி மேலெழும். உப்பிய லேமினேட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, மாற்றத்தான் வேண்டும். அங்கே துணி சொட்டக் கூடாது. கையால் தொட்டால் ஈரம் தெரியும் அளவுக்குப் பிழிந்திருந்தால் போதும்.

குந்தியிருந்து துடைத்த காலம்

மண் தரையைச் சாணத்தால் மெழுகிய பாட்டிமார்களும், சிமெண்டுத் தரையைப் பழைய சேலைத் துணியால் குந்தியிருந்து துடைத்த தாய்மார்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கையால் துடைத்த தரை சுத்தமாக இருந்தது உண்மை. கண் தரைக்கு அருகில் இருக்கும், அழுத்தம் கைக்குத் தெரியும். விலை கொடுத்தது முழங்கால்.

இந்தச் சிரமம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்பெயின் நாட்டிலும் பெண்கள் மண்டியிட்டுத்தான் தரை துடைத்தார்கள். அங்கே மானுவேல் ஹலோன் என்ற விமானத்துறைப் பொறியாளர், அமெரிக்காவில் விமானக் கொட்டகைகளின் தரையை நின்றவாறே துடைப்பதைக் கண்டு, 1956இல் நீண்ட கைப்பிடி கொண்ட துடைப்பானையும் பிழியும் அமைப்புடன் கூடிய வாளியையும் தம் நாட்டில் அறிமுகப்படுத்தினார். துடைப்பானுக்கு அதற்கு முன்பே அமெரிக்காவில் காப்புரிமைகள் இருந்தன என்றாலும், வாளியையும் துடைப்பானையும் இணைபிரியாத சோடியாக்கி வீடுதோறும் கொண்டுசேர்த்த பெருமை அவருக்கு உண்டு. 2011இல் காலமானார். அவர் தீர்த்துவைத்தது குனிவதையும் கையால் பிழிவதையும்தான். ஆகவே மாப் இருந்தும் குனிந்து துடைப்பவர்கள் அதன் பயனைப் பாதியாக்கிக்கொள்கிறார்கள். கைப்பிடி குறைந்தது நெஞ்சு உயரத்துக்காவது இருக்க வேண்டும். கையை வீசுவதைவிட, நிமிர்ந்து நின்று காலை எடுத்து வைத்து நடந்தால் இடுப்பு பிழைக்கும்.

தள்ளித் தள்ளித் துடைப்பது நம்மில் பலருக்கும் கைவந்த பழக்கம். அது அழுக்கைச் சுவரோரத்துக்குத் தள்ளி அங்கேயே விட்டுவிடும். சுவரோரத்தில் நேராக ஓர் இழுப்பு, பிறகு உள்பக்கமாகப் பாம்பு வளைவதுபோல் இடம் வலமாக வளைத்துப் பின்னோக்கி வருவதே சரியான முறை. துடைப்பானின் முன்விளிம்பு எப்போதும் முன்விளிம்பாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் திரட்டிய அழுக்கு சிந்தாமல் கூடவே வரும். சன்னலோரத்தில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். ஈரத்தை மிதித்துக்கொண்டு வெளியே வருபவர் தம் அடிச்சுவட்டைத் தாமே பதித்துவிட்டு வருகிறார்.

துடைப்பான் வகைகளைப் பற்றி நேயர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. நூல் மாப் தண்ணீரை நிறையச் சுமக்கும், ஆகவே கரடுமுரடான சிமெண்டுத் தரைக்கும் பின்கட்டுக்கும் பொருந்தும். வழவழப்பான ஓட்டுத் தரைக்கு மைக்ரோஃபைபர் தட்டைத் துடைப்பானே மேல். 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை 1 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அதை மைக்ரோஃபைபர் என்கிறார்கள். தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய அந்த இழைகள் பிளவுபட்டு இருப்பதால் நுண்தூசியும் எண்ணெயும் அவற்றின் இடுக்கில் சிக்கிக்கொள்கின்றன. துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் அந்த இடுக்குகள் அடைபட்டுப்போகும், அதன்பின் அது சாதாரணத் துணிதான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவ நிலையம் 1999இல் பருத்தி நூல் மாப்பிலிருந்து இந்த வகைக்கு மாறியது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2002இல் அந்த அனுபவத்தை வெளியிட்டது. அங்கே பழைய முறையில் இரண்டு மூன்று அறைகளுக்கு ஒருமுறை கனமான வாளித் தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. புதிய முறையில் ஓர் அறைக்கு ஒரு துணி, பயன்படுத்தியதை மறுபடி வாளியில் முக்குவதே இல்லை. தண்ணீரும் மருந்தும் மிச்சமாயின, துப்புரவாளர்களுக்குச் சுமையும் குறைந்தது. நம் வீட்டுக்கும் இதைக் கொண்டுவரலாம். நான்கு துணி வாங்கி வைத்துக்கொண்டு, சமையலறைக்கு ஒன்று, அறைகளுக்கு இரண்டு, கழிப்பறைக்கு வேறு நிறத்தில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் கழிப்பறைத் துணி பூசை அறைக்குப் போகும் ஆபத்தே இல்லை.

வெளுப்பானும் அதன் ஆபத்தும்

இனிச் சொல்லப்போவதைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள். கோவிட்-19 காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் வெளுப்பான், அதாவது பிளீச், அன்றாடப் பொருளாகிவிட்டது. அன்றாடம் அது தேவையே இல்லை. யாராவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டு தரை அசுத்தமானால், அல்லது தொற்று நோயாளி வீட்டில் இருந்தால் அது பயன்படும். அப்போதும் முதலில் அசுத்தத்தை அள்ளிச் சவர்க்காரத்தால் கழுவிய பிறகே ஊற்ற வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய வெளுப்பான் அழுக்கோடு போராடியே வலுவிழந்துவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் வீட்டுக்குள் சேறு புகுந்ததே, அத்தகைய நிலையில் சேற்றை முழுவதும் அள்ளிக் கழுவாமல் எத்தனை புட்டி மருந்து ஊற்றினாலும் பயன் இருக்காது.

கடையில் கிடைக்கும் வெளுப்பானில் சோடியம் ஹைப்போகுளோரைட் ஏறத்தாழ 5 விழுக்காடு என்றால், 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். 5 லிட்டர் வாளிக்கு 100 மில்லிலிட்டர். இது கிருமி நீக்கத்துக்கான அளவு. புட்டியில் வேறு விழுக்காடு எழுதியிருந்தால் கணக்கும் மாறும். குளிர்ந்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும், சுடுதண்ணீர் அதன் வலுவைக் கெடுக்கும். கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். தரை பத்து நிமிடமாவது ஈரமாக இருந்த பிறகு வெறும் தண்ணீரில் துடைத்தெடுக்க வேண்டும்.

எக்காரணம் கொண்டும் வெளுப்பானை வேறு எதனுடனும் கலக்காதீர்கள். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது. வினிகரும் அமிலம்தான். இவற்றோடு வெளுப்பான் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே படைவீரர்கள் மேல் ஏவப்பட்டது இந்தக் குளோரின்தான். சன்னல் இல்லாத சிறு குளியலறையில் ‘இரண்டையும் சேர்த்து ஊற்றினால் இரட்டைச் சுத்தம்’ என்று ஒருவர் நினைப்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது பாருங்கள். கண் எரிந்து, தொண்டை கமறி, இருமல் வந்தால் உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கதவைத் திறந்து வையுங்கள். வாளியைத் தூக்கிக் கொட்டுவதற்காக மறுபடி உள்ளே போகாதீர்கள். மூச்சுத் திணறினால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

வேலை செய்பவர் இல்லப் பணிப்பெண் என்றால் பொறுப்பு இரட்டிப்பாகிறது. புட்டியில் உள்ள மொழி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ‘நன்றாக ஊற்று’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவது முறையல்ல. மூடியில் பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள். வெளுப்பானையும் கழிப்பறைத் திரவத்தையும் வெவ்வேறு அலமாரியில் வையுங்கள். ஒருமுறை கூட நின்று செய்து காட்டினால் பத்து நிமிடம்கூட ஆகாது. திரவத்தைப் பழைய குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளும் பைன் எண்ணெயும் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை அது நக்கும்.

ஈரத் தரையும் முதியோரும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 684,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கை, அறுவை சிகிச்சை, பிறகு துணையில்லாமல் நடக்க முடியாத நிலை என்று ஒரே நொடியில் குடும்பத்தின் நிலை மாறிவிடும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012இல் தொடங்கிய ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் முதியோர் வீடுகளில் கைப்பிடிகள் பொருத்துவதோடு குளியலறை ஓடுகளுக்கு வழுக்காத பூச்சும் பூசித் தருகிறார்கள். அந்தப் பூச்சு இருப்பதாலேயே நிம்மதி கொள்ள முடியாது. அதன் நுண்ணிய சொரசொரப்பில் சவர்க்காரமும் எண்ணெய்க் குளியலின் பிசுக்கும் படிந்தால் பயன் குறையும். வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கூடத்தின் மினுமினுக்கும் ஓடுகளுக்கு அந்தப் பூச்சும் கிடையாது. அங்கே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போதும், பாதத்துக்கும் ஓட்டுக்கும் இடையே பிடிப்பு அற்றுப்போக. சவர்க்காரம் கலந்த நீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ‘அத்தை, கொஞ்சம் பொறுங்க, தரை இன்னும் காயலை’ என்று மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதற்குள் அவர் இரண்டு அடி வைத்திருப்பார். வீட்டை ஒரே மூச்சில் துடைக்காமல் பாதிப் பாதியாகத் துடைப்பது இதற்கு நல்ல வழி. முதியவர் இருக்கும் அறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் பாதையைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அதை உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றிவிடுங்கள். அவர் தூங்கும் நேரத்தில் துடைப்பது நல்லதாகத் தோன்றும். ஆனால் விழித்தவுடன் தூக்கக் கலக்கத்தில் கழிப்பறைக்கு எழுந்து வரும்போது தரை ஈரமாக இருந்தால் அதுவே வினையாகிவிடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. சிங்கப்பூரில் சூரியோதயத்துக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு இறங்கும். ஆகவே விடியற்காலையில் துடைத்த தரை காய மறுக்கும், காலை பத்து மணிக்குமேல் துடைத்தது விரைவாகக் காயும். வேலைக்குப் போகும் பெண்கள் இரவில்தான் துடைக்க முடியும் என்றால் மின்விசிறியைச் சுழலவிட்டுத் துடைக்கலாம். ஒழுங்காகப் பிழிந்த துணியால் துடைத்த தரை ஐந்து நிமிடத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். கால் மணி நேரம் ஆகிறது என்றால் துணியில் தண்ணீர் அதிகம்.

வேலை முடிந்த பிறகு மாப்பையும் வாளியையும் என்ன செய்கிறோம்? ஈரமான மாப்பை வாளிக்குள் தலைகீழாக நிறுத்திவைத்தால் அடுத்த நாளுக்குள் அதில் கிருமி பெருகி வாடை வந்துவிடும். மறுநாள் அதையே எடுத்து வீடெல்லாம் தடவுகிறோம். மழை நாளின் ஈரத்துணி வாடை தரையிலிருந்து வருவதல்ல, இதிலிருந்து வருவது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் பதுங்கு அறையில் மாப்பை வைத்துக் கதவைச் சாத்துபவர்கள் நிறையப் பேர். காற்றோட்டமே இல்லாத அந்த அறையில் துணி எங்கே காயும்? அலசிப் பிழிந்து, தலைப்பகுதி மேலே இருக்கும்படி, வெயிலோ காற்றோ படும் இடத்தில் மாட்டி வையுங்கள். சலவை இயந்திரத்தில் போடக்கூடிய துணியாக இருந்தால் வாரம் ஒருமுறை தனியாகப் போட்டு எடுங்கள். அலசியும் வாடை போகவில்லை என்றால் அந்தத் துணியின் ஆயுள் முடிந்தது.

வாளியில் மிஞ்சிய தண்ணீரை ‘நாளைக்குக் கழிப்பறைக்கு ஆகும்’ என்று பின்பக்கம் விட்டுவைப்பது சிக்கனமாகத் தோன்றும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு மட்டும் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. முட்டைகள் காய்ந்த வாளியின் உட்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டியதும் வாளியின் உட்புறத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்துவிடுங்கள்.